எல்லாத்தையும் சண்டையில போடாதேங்கோ

வன்னியில் ஒரு பிள்ளை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை, ஆக்களோடு சேரவில்லை என்றால் காரணம் கையிலேயே இருக்கும். "சண்டைக்குள்ளால வந்த பிள்ளை, பயந்துபோச்சு." 2009இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள், அதற்குப் பத்து வருடம் கழித்துப் பிறந்ததுக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். பிந்தினதுக்குத் தாயின் வயிற்றுக்குள்ளேயே பயம் இறங்கிவிட்டதாம். போர் இந்த மண்ணில் செய்யாத கொடுமை இல்லை. ஆனால் ஓட்டிசத்தையும் (மற்றவர்களோடு பழகுவதும் கதைப்பதும் சின்னதிலிருந்தே வேறு விதமாய் இருக்கும் மூளை வளர்ச்சி நிலை) அதன் கணக்கில் எழுதிவிட்டு "காலம் போக ஆறும்" என்று இருந்தால், பிள்ளையின் காலம்தான் போகும்.

பயத்தால் ஒடுங்கின பிள்ளைக்கு ஒரு "முன்னம்" இருக்கும். முன்னம் சிரித்து விளையாடியது, பிறகு ஒடுங்கியது. நடந்ததை நினைவூட்டும் சத்தமோ இடமோ வந்தால் பதறும். ஓட்டிசத்தின் அடையாளங்கள் சின்ன வயதிலிருந்தே இருக்கும்: பெயர் சொன்னால் திரும்பாது, விரலால் சுட்டிக் காட்டாது, ஒரே செயலையே திரும்பத் திரும்பச் செய்யும். சிக்கல் என்னவென்றால், ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதி ஒன்றரை வயதை ஒட்டி, இருந்த சொற்களை இழக்கும். 2008, 2009இல் அந்த வயதில் இடம்பெயர்ந்த அப்படியான பிள்ளைகளுக்குச் சொல் போனதும் சண்டையும் ஒன்றாக நடந்தன. தாய் ஷெல்லைத்தான் சொல்லுவா. எவரும் அப்படித்தான் சொல்லுவர். அந்த இடத்தில் "எப்ப பேச்சு நிண்டது?" என்று மட்டும் கேட்டு எழுதினால் பிழையாய்ப் போகும். "ஒரு வயசில மாட்டையோ நிலாவையோ கையால காட்டிப்போட்டு உங்கட முகத்தைப் பாத்ததோ?" என்றும் கேட்க வேண்டும். ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். அப்படியென்றால் இரண்டுக்கும் தனித்தனி உதவி வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு வழி ஓரளவு தெளிவு. 12 மாதத்தில் கையசைப்போ சுட்டலோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல் இல்லை, 24 மாதத்தில் தானாகச் சேர்த்துச் சொல்லும் இரண்டு சொல் இல்லை, எந்த வயதிலாவது இருந்த சொல் போய்விட்டது என்றால் கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் குழந்தை வைத்தியரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். காது கேட்கும் சோதனை முதலில். 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்வித் தாள் இருக்கிறது. 3 முதல் 7 புள்ளி வந்தால் மேலதிகக் கேள்விகள், 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே முழுப் பரிசோதனை. புள்ளி கூடினதால் மட்டும் ஓட்டிசம் என்று முடிவில்லை. "தேப்பனும் நாலு வயசிலதான் கதைச்சவர்" என்று அம்மம்மா சொல்லுவா. மரபணுவின் பங்கு பெரிது என்பதால், தேப்பனுக்கும் இருந்திருக்கக்கூடும்.

மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்திலிருந்து பாட்டுப் போடும் பஸ்ஸில் ஏறி, வைத்தியசாலை வாங்கில் மணிக்கணக்காய்க் காத்திருந்து உள்ளே போகும்போது பிள்ளை களைத்திருக்கும். வைத்தியர் பார்ப்பது அந்தக் களைப்பைத்தான். ஆகவே முன்கூட்டியே போனில் இரண்டு நிமிட வீடியோ மூன்று எடுத்துக்கொண்டு போங்கள்: தனியே விளையாடும்போது, சாப்பிடும்போது, பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும்போது. பெருநாளில் எடுத்த வீடியோ வேண்டாம், சாதாரண நாள் போதும்.

இவ்வளவும் பேச்சுப் பிந்தின பிள்ளைகளுக்கு. ஆனால் எனக்கு அதிகம் கவலை, நன்றாகப் பேசுகிற, கணக்கில் நூறு எடுக்கிற, ஒருவரும் சந்தேகப்படாத பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் "நல்ல பிள்ளை, சத்தமே இல்லை." வீட்டு வாசலைத் தாண்டினதும் பையை எறிந்து கத்தும். வகுப்பாசிரியர் "இஞ்சை அப்பிடி ஒண்டும் இல்லையே" என்றதும் பழி முழுக்கத் தாயில். நடப்பது இதுதான்: காலைக் கூட்டத்தில் வெயிலில் நிற்பது, தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி, தகரக் கூரையில் மழை, பக்கத்து வகுப்பின் மனனம், மற்றப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது. ஆறு மணித்தியாலம் அடக்கிப் பிடித்தது, பயமில்லாத இடத்தில் அவிழ்கிறது. ஆகவே வந்தவுடன் "இண்டைக்கு என்ன படிப்பிச்சவை?" வேண்டாம். சாப்பாடு, இருட்டான அறை அல்லது ஊஞ்சல், முக்கால் மணித்தியாலம் கேள்வி இல்லை. இரண்டரைக்கே ரியூசனுக்கு ஏற்றினால் அடுத்த நாள் காலையில் "வயித்துக்குத்து" வரும். அது பொய்யில்லை, உண்மையாகவே குத்தும்.

சீருடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி வீட்டில் காலைச் சண்டை அதில்தான் தொடங்குகிறது. புதுத் துணியை மூன்று முறை தோய்த்த பிறகு போடக் கொடுங்கள். கழுத்து லேபிளைக் கத்திரிக்கோலால் வெட்டினால் மிஞ்சும் நைலோன் நூல் இன்னும் மோசமாய்க் குத்தும். தையலை ஊசியால் பிரித்து முழுதாக எடுக்க வேண்டும். காலுறையின் தையல் விரலில் உரசினால் உட்பக்கம் வெளியாகத் திருப்பிப் போடலாம், சப்பாத்துக்குள் ஒருவருக்கும் தெரியாது.

கதைக்கும் விதமும் பழக்கத்தால் வரும். ஒரு தடவைக்கு ஒரு வேலை சொல்லுங்கள். சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பொறுக்காமல் அதையே வேறு சொற்களில் சொன்னால், பாதி விளங்கிக்கொண்டு வந்த மூளை திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். "கொஞ்சத்தால வாறன்" என்பது இப்பிள்ளைகளுக்குச் சித்திரவதை. "மணி அஞ்சடிக்க முதல் வருவன், பிந்தினால் போன் எடுப்பன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி எடுங்கள். கண்ணைப் பார்த்துக் கதை என்று கட்டாயப்படுத்த வேண்டாம். பார்ப்பதும் கேட்பதும் ஒரே நேரத்தில் முடியாத பிள்ளைகள் பலர். உங்கள் கண்ணைப் பார்த்தால் உங்கள் சொல் ஏறாது.

அடம்பிடிப்பையும், தாங்க முடியாமல் வரும் உடைவையும் பிரித்தறியத் தெரிய வேண்டும். அடம்பிடிக்கும் பிள்ளை ஓரக்கண்ணால் உங்களைப் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிற்கும். உடையும் பிள்ளை யாரையும் பார்க்காது, கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது. காதைப் பொத்துவது, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது, அங்குமிங்கும் நடப்பது எல்லாம் அதற்கு முன்வரும். அந்த நேரத்தில் வெளியே கூட்டிக்கொண்டு போனால் தப்பலாம். தொடங்கிவிட்டால் ரீவியை நிற்பாட்டுங்கள், ஆக்களை அனுப்புங்கள், தொடாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், தலை அடிபடாமல் ஒரு தலையணை வையுங்கள். அடங்கின கையோடு விசாரணை வைத்தால் இரண்டாம் சுற்று வரும். சில பிள்ளைகள் கத்தாமல் அப்படியே வாயடைத்துப் போவார்கள். அதற்குத் திமிர் என்று அடி வாங்குகிறவர்கள் எத்தனை பேர்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ கொண்டுபோவதென்றால் முந்தின நாள் காலையில் ஒருக்கா கொண்டுபோய் இடத்தைக் காட்டுங்கள். மரம் அரிகிற ஆக்கள் போடும் காதுமூடி நல்லது. நாள் முழுக்கப் போட்டிருந்தால் காது இன்னும் கூச்சப்படும், வெடிச்சத்தத்துக்கும் தவிலுக்கும் மட்டும் போதும். சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும்.

அதைவிட முக்கியம் தண்ணீர். ஓட்டிசமுள்ள பிள்ளைகள் சொல்லாமல் வெளிக்கிட்டுப் போவது சாதாரணம், பலருக்குத் தண்ணீரில் பெரிய ஈர்ப்பு. இப்படிக் காணாமல்போன பிள்ளைகளின் சாவுக்கு நீரில் மூழ்குவதே முதன்மைக் காரணம் என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. நம்மிடம் கட்டில்லாத கிணறு, வளவுக்குப் பின்னால் வாய்க்கால், நடை தூரத்தில் குளம். பிள்ளையைக் காணவில்லை என்றால் ரோட்டில் தேடமுதல் கிணற்றையும் குளத்தையும் பாருங்கள். படலைக் கொளுக்கியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், வெளிப்பக்கம் போடுங்கள். கிணற்றுக்கு இப்பவே கம்பி வலை மூடி அடியுங்கள். இரும்புத் துண்டு சேர்க்கும் பிள்ளை என்றால் இன்னொன்று: "கவனமாய் இரு" என்றால் அதற்கு ஒன்றும் விளங்காது. "காணிக்குள்ள கிடக்கிற இரும்பைத் தொடாதே, அப்பாவைக் கூப்பிடு" என்று படத்தோடு, ஒரே வசனமாய், தினமும். வெடிபொருள் அகற்றும் வேலை இன்னும் முடியாத மண் இது.

மருந்து? ஓட்டிசத்தை மாற்றும் மருந்து இல்லை. உடம்பிலிருந்து உலோகம் இறக்குகிறோம், ஸ்டெம் செல் போடுகிறோம் என்று கொழும்பிலோ இந்தியாவிலோ எவன் காசு கேட்டாலும் காணி ஈடு வைக்காதீர்கள். தடுப்பூசியால் வருகிறது என்ற கதை 1998இல் ஒரு வைத்தியர் எழுதிய கட்டுரையால் பரவியது. அதை வெளியிட்ட லான்செற் இதழே 2010இல் திரும்பப் பெற்றது. நூல் கட்டுவதால் பெரிய கெடுதல் இல்லை. "நூல் வேலை செய்யுதோ பாப்பம்" என்று கிளினிக்கை ஒரு வருடம் பின்போடுவதுதான் கெடுதல்.

இனி வளர்ந்தவர்கள். ஒவ்வொரு ஊரிலும் "ஒரு மாதிரியான ஆள்" ஒருவர் இருப்பார். றேடியோ திருத்துவார், பஸ் நேரம் எல்லாம் பாடம், கலியாண வீட்டில் சாப்பிட்ட கையோடு மறைந்துவிடுவார். பெண்கள் என்றால் இன்னும் தெரியாது. சின்னதிலிருந்தே மற்றப் பெட்டைகளைப் பார்த்துப் பழகி நடிப்பார்கள், முப்பது வயதில் களைத்து விழும்போது வைத்தியர் மனச்சோர்வு என்று மட்டும் எழுதுவார். செத்தவீட்டில் அழவில்லை என்று "கல் நெஞ்சு" பட்டம். உணர்ச்சி இல்லாமல் இல்லை, அது முகத்துக்கு வரும் பாதை வேறு, சிலருக்கு மூன்று நாள் கழித்து வரும். அவருக்கு அங்கே ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள், கதிரை எண்ணி எடுப்பது, தேத்தண்ணி, பந்தல். வேலையோடு நிற்பவர் கடைசிவரை நிற்பார். 2012இல் டேமியன் மில்டன் என்ற ஓட்டிசமுள்ள ஆய்வாளர் எழுதியதும் இதுதான்: விளங்காமை இரண்டு பக்கமும் இருக்கிறது, அவர்களை விளங்கிக்கொள்ள மற்றவர்களுக்கும் தெரியவில்லை.

சோதனைச் சாவடியிலோ பொலிசிலோ கண்ணைப் பார்க்காமல், பதில் பிந்தி நின்றால் இங்கே என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டை அளவில் தமிழிலும் சிங்களத்திலும் ஓர் அட்டை அடித்து வைத்திருங்கள்: எனக்கு ஓட்டிசம், பதில் சொல்ல நேரம் வேண்டும், தொட வேண்டாம், இந்த நம்பருக்கு எடுங்கள். சிங்களத்தைச் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் எழுதுவியுங்கள், போன் மொழிபெயர்ப்பை நம்பாதீர்கள்.

பெரியவர்கள் உறுதிப்படுத்த விரும்பினால் மாவட்ட வைத்தியசாலையின் மனநல கிளினிக்தான் தொடக்கம். பழைய தேர்ச்சி அறிக்கைகள், அதில் ஆசிரியர் எழுதின குறிப்புகள் மிக முக்கியம். இடம்பெயர்வில் எல்லாம் போயிருந்தால், ஐந்து வயதுக்கு முதல் எப்படி இருந்தீர்கள் என்று தெரிந்த அம்மா, பெரியம்மா, மூத்த அக்கா யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். வர முடியாதென்றால் அவர்கள் சொல்வதைப் போனில் பதிந்து கொண்டுபோங்கள். முடிவு வந்தால் வாய்ச்சொல்லோடு விடாமல் கடிதமாய்க் கேட்டு வாங்குங்கள், இரண்டு பிரதி.