மூன்று விரல் போகுதா என்று பாருங்கள்

எங்கள் சொந்தத்துக்குள் புற்றுநோய் என்ற வருத்தத்தின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சின்னம்மாவுக்கு வந்தபோதும் "அவவுக்கு வாயில ஏதோ புண்ணாம்" என்றுதான் பேச்சு.

சின்னம்மா விடிய எழும்பித் தேத்தண்ணி குடித்த கையோடு வெற்றிலைத் தட்டத்தை மடியில் எடுத்து வைப்பா. சீவிய பாக்கு, சுண்ணாம்பு, கிள்ளிய ஒரு துண்டுப் புகையிலை. அதைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டுதான் சமையல், வீட்டு வேலை எல்லாம். ஒரு கட்டத்தில் கறி உறைக்குது என்று சொல்லத் தொடங்கினா, நாங்கள் தூளைக் குறைத்தோம். பிறகு வாய் முழுதாகத் திறக்கவில்லை, சோற்றைச் சின்னச் சின்னதாக உருட்டிக் கடைவாயால் தள்ளுவா, அதையும் பல்லுக் கோளாறு என்று விட்டுவிட்டோம். தூளைக் குறைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு வருசத்தை நினைத்தால் இப்பவும் மனசு ஆறவில்லை.

இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய்தான். "நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்கிறவர்களுக்கு: பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. இப்போது பொடியன்கள் புகையிலை கலந்த பாக்கை மாவா என்று பக்கெட்டில் வாங்கிப் போடுவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சனம் நடந்து சேர்த்த காசில் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பஸ் ஏறிய சனத்தின் அலைச்சல் குறைந்தது, நடந்தவர்களுக்குக் கோடி புண்ணியம். ஆனால் அது வருத்தம் வந்த பிறகு போகிற இடம். வராமல் தடுக்கிற வேலை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கிறது, நாடு முழுக்க, இலவசமாக. அங்கேதான் நாங்கள் போவதில்லை.

என்னையே சொல்கிறேன். 35 வயதானவுடன் குடும்பநல உத்தியோகத்தர் படலையில் வந்து நின்று, "தங்கச்சி, கிளினிக்குக்கு வாங்கோ, கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனை இருக்கு" என்று கூப்பிட்டா. மூன்று தரம் சாட்டுச் சொன்னேன். தெரிந்த ஆட்கள் கண்டால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம்தான், வேறொன்றுமில்லை. நாலாம் தரம் போனேன், ஐந்து நிமிசத்தில் முடிந்தது. 45 வயதிலும் கூப்பிடுவார்கள். 2017இலிருந்து தரம் 6 பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கிற எச்.பி.வி. ஊசி இரண்டு தரம் போடுகிறார்கள். "இந்த வயசிலயே ஏன்" என்று கேட்கும் அம்மாமாருக்கு: கிருமி தொற்றுவதற்கு முந்திப் போட்டால்தான் அந்த ஊசிக்கு முழுப் பலன்.

சரி, எங்களில் மட்டும் பிழை சொல்லவும் ஏலாது. கிளினிக் கிழமை நாள் காலையில் என்றால் தோட்ட வேலைக்குப் போகிற பெண் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு எப்படி வருவா? பின்னேரத்திலும் ஞாயிறிலும் வைக்க வேண்டும். வாயைப் பார்க்கப் பெரிய மெசின் தேவையில்லை, டோர்ச்சும் தெரிந்த கண்ணும் போதும். சுன்னாகம் சந்தையில் ஒரு மேசை போடலாம், நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒரு கொட்டகை போடலாம். வெற்றிலை வாங்கிற இடத்திலேயே வாயைக் காட்டட்டும்.

அதுவரைக்கும், வீட்டில் வெற்றிலை போடுகிற ஆள் இருந்தால் இன்றிரவே மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் வைக்கச் சொல்லிப் பாருங்கள். போகவில்லையா, கன்னத்துக்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடிப்புத் தெரியுதா, புண் இரண்டு கிழமையாகியும் ஆறவில்லையா, நாளைக்கே அரச பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். தூளைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.