காட்ஸில்லாவுக்கு இருப்பிடச் சான்று கொடுத்தது யார்?

(டோக்கியோ, ஷின்ஜுகு வட்டாரத்தின் கபுகிச்சோ தெரு. அங்கே வேலை பார்க்கும் பிரபு. ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா, ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.)

சித்தப்பா: டேய், அந்த ஓட்டல் கட்டடத்து மேலே பல்லைக் காட்டிக்கொண்டு எட்டிப் பார்க்கிறதே, யார் அது?

பிரபு: காட்ஸில்லா, சித்தப்பா. ஜப்பான் சினிமாவில் ஊரை மிதிக்கும் ராட்சத மிருகம். 2015இல் ஷின்ஜுகு வார்டு நிர்வாகமே சிறப்புக் குடியிருப்பாளர் என்று சான்று கொடுத்திருக்கிறது. சுற்றுலாத் தூதர் பதவி வேறு.

சித்தப்பா: தலை மட்டும்தானே இருக்கிறது? உடம்பு எந்த வார்டு? ஸ்பாட் இன்ஸ்பெக்‌ஷன் போகாமல் எவன் கையெழுத்துப் போட்டான்?

பிரபு: கபுகிச்சோவைக் காவல் காக்கும், உலகம் பூராவும் இருந்து ஆட்களை வரவழைக்கும் என்று காரணம் எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

சித்தப்பா: நன்னடத்தை விசாரித்தார்களா?

பிரபு: அது கொஞ்சம் மோசம்தான். 1954 நவம்பரில் முதல் படம் வந்தது. அதில் கின்ஸாவில் இருக்கும் மணிக்கூண்டு மணி அடித்ததும் கோபம் வந்து அதைப் பிய்த்துப் போட்டது. நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒரு பக்கம் காலி. அடுத்த வருஷம் ஒசாகா கோட்டை. 1964இல் நகோயா கோட்டை.

சித்தப்பா: இத்தனை பொதுச் சொத்தை நாசமாக்கியவனுக்கா தூதர் பதவி? ...சரி விடு, நம் ஊரில் நடக்காததா.

பிரபு: அதன் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1954 மார்ச்சில் அமெரிக்கா பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. மீன் பிடிக்கப் போயிருந்த ஜப்பான் படகில் 23 பேர் மேல் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. அந்தச் செய்தியின் சூட்டில் பிறந்த கதை இது. கடலடியில் சும்மா கிடந்ததைக் குண்டு போட்டு எழுப்பிவிட்டார்கள்.

சித்தப்பா: அடப் பாவமே. அப்படியென்றால் மனுவை வாஷிங்டனுக்கு அல்லவா போட்டிருக்க வேண்டும்? டோக்கியோவில் வந்து மிதித்தால் என்ன நிவாரணம் கிடைக்கும்? அதிகார வரம்பே தெரியவில்லை.

(மேலேயிருந்து உறுமல். புகை. சித்தப்பா பிரபுவின் முதுகுக்குப் பின்னால்.)

பிரபு: பயப்படாதீர்கள், மணிக்கொரு தடவை கத்தும்.

சித்தப்பா: மணி அடித்த கடிகாரத்தை உடைத்தவனுக்கு மணிக்கூண்டு வேலையா? சபாஷ், சரியான பனிஷ்மென்ட் போஸ்டிங்! அது என்ன குரல், மாடா?

பிரபு: டபுள் பேஸ் என்று ஆளுயர வயலின் மாதிரி ஒன்று. அதன் கம்பியைத் தளர்த்திவிட்டு, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்தார்கள். இசையமைப்பாளர் இஃபுகுபேயின் யோசனை. உடம்புக்குள்ளே ஆள். நகாஜிமா என்ற நடிகர், நூறு கிலோவை ஒட்டிய ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு பொம்மை ஊரை மிதித்தார்.

சித்தப்பா: அந்த மனுஷனுக்குப் பஞ்சப்படி கொடுத்தார்களா?

பிரபு: விடுங்கள். உங்களுக்கென்றே 2016இல் ‘ஷின் காட்ஸில்லா’ என்று ஒரு படம் வந்தது. மிருகம் ஊருக்குள் வந்துவிட்டது, அதிகாரிகள் மீட்டிங் போடுகிறார்கள். எந்தத் துறை பார்ப்பது என்று இன்னொரு மீட்டிங்.

சித்தப்பா: (நிமிர்ந்து) இதுதான்டா படம்!

பிரபு: ஹெலிகாப்டர்கள் சுடப் போகும் நேரத்தில், ஒருவர் வயதானவரை முதுகில் சுமந்துகொண்டு குறுக்கே வருகிறார். பிரதமர் வரைக்கும் கேட்டு, சுட வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறார்கள்.

சித்தப்பா: முறைப்படி செய்திருக்கிறார்கள். கடைசியில் எப்படிப் பிடித்தார்கள்?

பிரபு: கான்கிரீட் பம்ப் லாரியை வரவழைத்து, ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தை வாய்க்குள் ஊற்றினார்கள். டோக்கியோ ரயில் நிலையம் பக்கத்திலேயே உறைந்து நின்றுவிட்டது.

சித்தப்பா: அப்புறம்?

பிரபு: அப்புறம் என்ன, நிற்கிறது. படம் முடிந்தது.

சித்தப்பா: என்ன உயரம்?

பிரபு: 118.5 மீட்டர்.

சித்தப்பா: அகற்றவில்லையா? இடம் ரயில்வேயுடையதா, அரசாங்கமா?

பிரபு: இங்கே ரயில்வேயைத் தனியாருக்கு விட்டு ரொம்ப நாளாகிறது.

சித்தப்பா: போச்சு! நம் ஊர்ச் சட்டப்படி அரசுப் புறம்போக்கு என்றால்கூட 30 வருஷம் டைம் இருக்கும். தனியார் இடத்துக்குப் பன்னிரண்டே வருஷம்டா. 2028இல் அனுபவ பாத்தியதை, இத்தனை வருஷம் நின்ற இடம் எனக்கே சொந்தம் என்று கேஸ் போடுவான், கையில் இருப்பிடச் சான்று வேறு வைத்திருக்கிறான். எங்கே அந்த வார்டு ஆபீஸ்? நட, இன்றைக்கே ஆட்சேபணை கொடுத்துவிடலாம்!