கருணைக் கொலை என்ற சொல்லோடு என் சண்டை

கருணைக் கொலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் அந்தச் சொல்லோடுதான் சண்டை. ‘கொலை’ என்று முடிகிற ஒன்றுக்கு யார் தைரியமாகக் கை தூக்குவார்கள்? இனிமேல் சிகிச்சை வேண்டாம் என்பது, போட்ட வென்டிலேட்டரை எடுப்பது, நோயாளி கேட்டு டாக்டர் உயிரை முடிக்கும் ஊசி போடுவது, மூன்றும் வேறு வேறு. தமிழில் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம்.

சில வருஷம் முன்பு பெரியப்பா ஐ.சி.யூ.வில் இருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டர் ஒரு படிவத்தோடு வெளியே வந்தார். தொண்டையில் டியூப் போட வேண்டும், போட்டால் பிறகு எடுக்க முடியாமலும் போகலாம் என்றார். “இதைப் பற்றி அவர் எப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கிறாரா?”

பெரியப்பா எல்லாவற்றையும் எழுதிவைக்கிற ஆள். ரப்பர் பேண்ட் போட்ட டைரியில் பேங்க் கணக்கு, இன்சூரன்ஸ் நாமினி, வர வேண்டிய கடன் எல்லாம் இருந்தன. இது இல்லை. அண்ணன் என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு 11 நாள். “நான் செய்தது சரியாடா?” என்று இன்னமும் கேட்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

இத்தனைக்கும், ‘படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்துவிடணும்’ என்று பெரியப்பா சொல்லாத நாளில்லை. ஆனால் அது எல்லாரும் சொல்வதாயிற்றே. அதை நம்பி யார் முடிவெடுப்பது?

அமெரிக்காவில் நான்சி குரூசன் வழக்கு கடைசியில் இங்கேதான் வந்து நின்றது. 1983-இல் கார் விபத்து, மீளாத மயக்கம், குழாய் வழியாக உணவு. குழாயை எடுக்கச் சொல்லிப் பெற்றோரே கோர்ட்டுக்குப் போனார்கள். பாதியளவாவது இயல்பாக வாழ முடியாவிட்டால் வாழ விரும்பவில்லை என்று அந்தப் பெண் முன்பு தோழியிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அது போதாது, தெளிவான ஆதாரம் வேண்டும் என்று மாநிலம் கேட்டது. கேட்கலாம் என்று 1990-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பிறகு வேறு நண்பர்கள் வந்து சாட்சி சொல்ல, குழாய் எடுக்கப்பட்டது. அந்த டிசம்பரில் இறந்தார். எப்போதோ அரட்டையில் விழுந்த வாக்கியங்களை ஏழு வருஷம் கழித்துத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

வென்டிலேட்டரை எடுத்தாலே கொலை என்பவர்களுக்கு, நினைவு திரும்பாமல் வென்டிலேட்டரில் இருந்த அமெரிக்கப் பெண் கேரன் ஆன் குயின்லனைச் சொல்வேன். 1976-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அனுமதித்து, இயந்திரத்தை விலக்கினார்கள். அவர் தானாகவே மூச்சுவிட்டார். 1985 வரை உயிரோடு இருந்தார்! பெற்றோர் உணவுக்குழாயை எடுக்கச் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது மகளின் சாவை அல்ல, அந்த இயந்திரத்திலிருந்து அவளுக்கு விடுதலையை.

ஊசி விஷயத்தில் எனக்கு இவ்வளவு உறுதி கிடையாது. நெதர்லாந்தில் 2002 முதல் கடுமையான நிபந்தனைகளோடு சட்டம் அனுமதிக்கிறது. தாங்க முடியாத வேதனையில் இருப்பவரிடம் ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்ல நான் யார் என்று ஒரு மனம். ஆனால் டாக்டர் எழுதித் தரும் மருந்தைத் தானே குடித்து இறக்க அனுமதிக்கும் ஒரேகான் மாநிலத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். நோயாளிகள் சொன்ன காரணங்களில், குடும்பத்துக்குப் பாரமாகிவிடுவோம் என்ற கவலையும் வருஷா வருஷம் இருக்கிறது. அந்த இடத்தில் எனக்கு உதைக்கிறது. ‘போதும்’ என்று அவரே முடிவெடுத்தாரா, அல்லது மற்றவர்களின் முகத்தைப் பார்த்து எடுத்தாரா? அதை அளக்க எந்தச் சட்டத்திடமும் கருவி இல்லை.

கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதில் அந்தக் குழப்பம் குறைவு என்று நினைக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கும்போது, யாரும் படுக்கை பக்கத்தில் நிற்காதபோது எழுதுவது அது. லிவிங் வில் என்கிற இந்தப் பத்திரத்தை இந்தியாவில் 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மாஜிஸ்திரேட் முன்னால் போய் நிற்க வேண்டும் என்றிருந்ததால் அது பேப்பரிலேயே கிடந்தது. 2023-இல் அதைத் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி, அவ்வளவுதான்.

போன வாரம் என்னுடையதை எழுதி, ஒரு சாட்சியாக அண்ணனைக் கூப்பிட்டேன். முழுவதும் படித்தார். இரண்டாம் பக்கத்தை மறுபடியும் படித்தார். “பேனா இருக்கா?” என்றார்.