32.76 + 17.27

இரண்டு நாளாக அந்தக் கூட்டல் கணக்கைப் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கிறது. அநுர குமார திசாநாயக்க வென்ற 2024 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாச 32.76 வீதம், ரணில் விக்கிரமசிங்க 17.27 வீதம், மொத்தம் 50.03. "பார்த்தீர்களா, வென்றிருக்க வேண்டிய தேர்தல்!" நண்பர் ஒருவர் போட்ட பதிவு, பெயர் வேண்டாம்; இருவரும் சேர்ந்து நின்றிருந்தால் வெற்றி என்கிறார். கணக்கோடு நிறுத்தியிருந்தால் நானும் பேசாமல் போயிருப்பேன். கீழே கொமெண்டில் "தோட்டத்துச் சனம் வாக்கைப் பிரிக்காமல் இருந்திருந்தால்" என்று ஒரு வரி. அதுதான் சுட்டது.

மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் நாங்களா ஐயா பிரித்தோம்? எங்கள் கட்சிகளில் இ.தொ.கா. (இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்) ரணிலின் சிலிண்டர் சின்னத்துக்குப் போடச் சொன்னது. தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தின் தொலைபேசிச் சின்னத்துக்குப் போடச் சொன்னது. ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) காம்பராவுக்குக் காம்பரா, அறைக்கு அறை, வேறு வேறு நோட்டீஸ். தலைவர்களே, பிரிந்து வந்து வாக்குக் கேட்டது நீங்கள்.

சரி, கணக்குக்கே வருகிறேன். நம் வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பம் போடலாம். யாரும் பாதியைத் தாண்டாததால், 2024-இல்தான் முதன்முதலாக இரண்டாம் விருப்பம் வரை எண்ண வேண்டி வந்தது. ரணிலுக்குப் போட்டவர்கள் கிட்டத்தட்ட 23 இலட்சம் பேர். முதல் இருவரைத் தவிர விலக்கப்பட்ட அத்தனை வேட்பாளர்களின் சீட்டிலிருந்தும் சஜித்துக்கு வந்து சேர்ந்த விருப்பமோ 1,67,867. "மக்களுக்கு அந்த முறை தெரியாது" என்பீர்கள். இருக்கலாம். தெரியப்படுத்துவதுதானே? ஒரு மேடையிலாவது "எனக்கு ஒன்று, அவருக்கு இரண்டு" என்று யாராவது வாய் திறந்தார்களா?

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஜனாதிபதியாக ஆசை என்றால் ஆசை என்று சொல்லுங்கள். கடமை, நாடு, பொறுப்பு என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு அது கடமை என்றால், நீங்கள் தோற்ற பழி எங்கள் தலையில் அல்லவா விழுகிறது?

2019 ஜனாதிபதித் தேர்தல் மறந்துவிட்டதா? ஆகஸ்ட் 11-இல் எதிரணியில் கோட்டாபய ராஜபக்ச வேட்பாளர். மறுநாளே பதுளையில் சஜித்துக்குக் கூட்டம். ஆனால் ரணில் தலைவராக இருந்த, சஜித்தும் அப்போது இருந்த ஐ.தே.க. (ஐக்கிய தேசியக் கட்சி) செயற்குழு சஜித்தின் பெயரை ஏற்றுக்கொண்டது செப்டெம்பர் 26-இல். ஒன்றரை மாதம்! எதிரணி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது நம்மவர்கள் கட்சித் தலைமையகமான சிறிகொத்தவில் யாருக்குக் கடமையுணர்வு அதிகம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த முறை அப்பாவைக் கைபிடித்து வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போனேன். 35 பேர் பெயர் இருந்த சீட்டு, முழங்கைக்கு மேல் நீளம். வெளியே வந்ததும் கேட்டார், "என்னப்பா, யானையக் காணோமே?" யானை ஐ.தே.க. சின்னம். சஜித் நின்ற அன்னச் சின்னத்துக்குத்தான் போட வேண்டும் என்று வீட்டிலேயே மூன்று தடவை சொல்லியிருந்தேன். அன்னத்துக்குத்தான் புள்ளடி போட்டிருக்கிறார். ஆனாலும் யானையைத் தேடியிருக்கிறார். 2005-க்குப் பிறகு ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் யானையே இல்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அப்பா ஜனாதிபதித் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 1994-இல். ஐ.தே.க. வேட்பாளர் காமினி திசாநாயக்க குண்டுவெடிப்பில் இறந்து பதினாறாம் நாள் தேர்தல். நம் வீடுகளில் கருமாதி நடக்கும் நாள். அவர் மனைவி, அந்த அம்மா ஸ்ரீமா வேட்பாளராக நின்றார், தோற்றார். கடமை என்ற சொல்லை யாராவது சொல்லலாம் என்றால் அவர் சொல்லலாம்.

"2010-இலும் 2015-இலும் ரணில் ஜனாதிபதி வேட்பாளர் இடத்தை விட்டுக்கொடுத்தாரே?" வரும், இந்தக் கேள்வி வரும். கொடுத்தார். 2015-இல் கையோடு பிரதமர் பதவியும் வந்தது. விட்டுக்கொடுத்தாரா, கணக்குப் பார்த்தாரா என்று அவர் மனசுக்குத்தான் தெரியும்.

"2022 பொருளாதார நெருக்கடியில் யாரும் முன்வராதபோது ரணில் பொறுப்பேற்றாரே..." ஆமாம். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பெற்றோல் வரிசையில் இரண்டு இரவு தூங்கியவன் நான். வரிசை முடிந்தது அவர் காலத்தில்தான், நன்றி. அந்த மே மாதம் பிரதமர் பதவிக்கு நிபந்தனை போட்டுக்கொண்டு நின்றவர் சஜித். ஜூலையில் ஜனாதிபதிப் போட்டியிலிருந்து விலகியவரும் அவரே. அன்று எங்கே போனது கடமை? ஆக, நான் ஒருவருக்குச் சார்பாக எழுதுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். அந்த நன்றிக்காக, கட்சித் தலைவரான ரணில் 2024-இல் சொந்தக் கட்சிச் சின்னத்தை விட்டுச் சுயேச்சையாக நின்றதையும் கடமை என்று நான் கைதட்ட வேண்டுமா?

பிறகு 2024 பாராளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு பேரையும் சேர்த்து வைக்கப் பேச்சு நடந்தது. சேரவில்லை. அதற்கும் குற்றம் லயத்துக்குத்தான் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1948-இல் எங்கள் குடியுரிமையைப் பறித்த ஐ.தே.க.வுக்கு இத்தனை வருடம் புள்ளடி போட்ட சனம் இது. கடைசியில் வாக்கைப் பிரித்தவர்கள் என்று பெயர்!

கடமையைப் பற்றிப் பேச ஆசை என்றால் 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் ரணில் சொன்ன தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளத்தைப் பேசுவோம். 1,700 ரூபா. தேர்தலுக்கு முன் அது 1,350-இல் வந்து நின்றது. கூட்டத் தெரிந்த அந்த நண்பர் இதை ஒருமுறை கழித்துப் பார்க்கட்டும்.