கதவை டீப்பாய் ஆக்காதீர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குப் பெட்டகம், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் என்று ஆளுக்கொன்றை ஆசையாக வாங்கிப் போகிறார்கள். எல்லாம் 'விண்டேஜ்' மோகம். எனக்கு அதில் வருத்தமில்லை. பரணில் கிடந்து துருப்பிடிப்பதற்கு, யாராவது எடுத்துத் துடைத்துப் புழங்கட்டுமே.

நிலைக்கதவும் தூணும் விலைக்கு வரும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. ஜாடியை விற்றாலும் வீடு நிற்கும். தூணை விற்றால்?

இங்கே செட்டியார்களின் பெரிய வீடுகள் பலவும் பங்காளிகளுக்குப் பொது. பர்மாவில் தொழில் செய்து வந்த வரும்படி இரண்டாம் உலகப் போரோடு போயிற்று. பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். ஓடு மாற்றவே பெரும் செலவு, பங்கு பிரிக்கவும் வழியில்லை. கடைசியில் மரத்துக்காகவே வீட்டை இடிக்கிறார்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரை யார் வாங்குவார்கள்? அது லாரியில் குப்பையாகப் போகும். கதவு மட்டும் நகரத்து பிளாட்டில், மேலே கண்ணாடி போட்டு, டீப்பாய் ஆகிவிடும். அதில் காபி டம்ளர் வைத்து போட்டோ வேறு!

பழைய அழகு வேண்டுமா, பக்கத்து ஆத்தங்குடிக்குப் போய்த் தரையில் பதிக்கும் டைல்ஸ் கல் வாங்குங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையாலேயே ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்புகிறார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுத்தால் கண்ணாடி பட்ட பக்கம் மினுமினுக்கும். நடக்க நடக்க இன்னும் பளபளக்கும். இதை வாங்கினால் யார் வீடும் இடியாது, கல் போடுகிறவருக்கு வேலையும் கிடைக்கும்.

உடுப்பும் அப்படித்தான். அப்பத்தாவின் பழைய கண்டாங்கியை வெட்டிக் குஷன் உறை தைப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை அது, இன்றும் தறியில் நெய்கிறார்கள். அரக்கு, மஞ்சள், கறுப்பில் பெரிய கட்டம், அகலக் கரை. நல்ல பருத்தி, எங்கள் ஊர் வெயிலுக்கென்றே பிறந்தது. கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போங்களேன், பட்டு கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

"இடித்தது இடித்தாயிற்று, கதவை விறகாக்கவா சொல்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நிலையோடு வாங்குங்கள், கதவாகவே மாட்டுங்கள். அவ்வளவு உயரம் பிளாட்டில் நுழையாது என்றால், சரி, புதுக்கதவு செய்ய ஊரில் தச்சர்கள் இருக்கிறார்கள்.