அந்தப் பந்தை மறுபடியும் போடு

மே மாதம் வந்தாலே பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். எந்த முகாம், என்ன கட்டணம், வேன் வருமா? அபாகஸ், நீச்சல், கீபோர்டு, கையெழுத்துப் பயிற்சி. 2023இல் வெயிலின் கடுமையால், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஜூன் 1 அன்று திறக்கவேண்டிய பள்ளிகளைத் தமிழ்நாடு அரசு முதலில் 7ஆம் தேதிக்கும், பிறகு 12ஆம் தேதிக்கும் தள்ளிவைத்தது. அப்போது வீட்டுக்கு வீடு கேட்ட புலம்பல், ஏதோ விருந்தாளி கிளம்ப மறுத்துவிட்டதைப் போல இருந்தது.

பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுக்கலாம் என்று யோசிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அவர்கள் விளையாடுவதைப் பாருங்கள். “கவலையில்லாத பருவம்” என்று பெருமூச்சு விடுவதற்காக அல்ல. அவர்களுக்கும் கவலை உண்டு. அவுட்டானால் உலகமே இடிந்துவிடும். நான் பார்க்கச் சொல்வது அவர்கள் சண்டை போடும் விதத்தை.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் வெயில் தாழ்ந்ததும் கிரிக்கெட் தொடங்கிவிடும். கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிதான் ஸ்டம்ப். முதல் பந்து ட்ரையல்ஸ். மதிலைத் தாண்டினால் அவுட். அடித்தவனே போய் எடுத்துவர வேண்டும். ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவன் ஜோக்கர், இரண்டு அணிக்கும் ஆடுவான். எதையும் யாரும் எழுதிவைக்கவில்லை. ஊரிலிருந்து அத்தை வீட்டுக்கு வந்திறங்கும் பையனுக்குக்கூட இரண்டே நிமிடத்தில் புரியவைத்துவிடுகிறார்கள்.

ஒருநாள் பந்து நாற்காலியில் பட்டதா இல்லையா என்று தகராறு. பட்டது என்கிறான் போட்டவன். படவில்லை என்று மட்டையை விடாமல் நிற்கிறான் அடித்தவன். அம்மா மேல் சத்தியம்வரை போய்விட்டது. கீப்பராக நின்ற சிறுமி, “நாற்காலி காற்றில்கூட ஆடியிருக்கலாம். அந்தப் பந்தை மறுபடியும் போடு” என்றாள். போட்டான். ஆட்டம் தொடர்ந்தது. பட்டதா இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை. இருட்டுவதற்குள் இன்னும் எத்தனை ஓவர் ஆடலாம் என்பதுதான் அவர்களுடைய கணக்கு.

அதே கட்டடத்தில், ஏசி தண்ணீர் கீழ்வீட்டுத் துணியில் சொட்டிய விவகாரத்தில் இரண்டு குடும்பங்கள் ஆண்டுக்கணக்காகப் பேசிக்கொள்வதில்லை. லிஃப்டில் ஒருவர் நின்றால் மற்றவர் படியேறிப் போகிறார். அந்த இரண்டு வீட்டுப் பையன்களும் கீழே ஒரே அணியின் தொடக்க ஆட்டக்காரர்கள்!

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே, சிறுவர்கள் கோலி ஆடுவதைக் கூட இருந்து கவனித்து, விதிகளைப் பற்றி அவர்களிடமே கேட்டு, 1932இல் எழுதினார். சின்னப் பிள்ளைகள் விதியைப் பெரியவர்கள் தந்த, மாற்றவே கூடாத ஒன்றாக நினைக்கிறார்கள். பத்து, பதினொரு வயதுவாக்கில்தான் அது தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம், எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம் என்ற தெளிவு வருகிறது. நாற்பது வயதில் அந்தத் தெளிவு எங்கே போய்விடுகிறது என்பதையும் யாராவது ஆராயலாம்.

ஒப்புக்குச் சப்பாணியை மறந்திருக்க மாட்டீர்கள். அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வரும் நான்கு வயதுக்காரியை விரட்டிவிடுவதில்லை. பாண்டி ஆட்டத்தில் அவள் இரண்டு காலையும் ஊன்றலாம், கோட்டை மிதிக்கலாம். வெற்றி தோல்விக் கணக்கில் அவள் இல்லை. ஆனால் வரிசையில் அவளுக்கும் ஒரு முறை உண்டு. நாம் என்ன செய்கிறோம்? காது கேட்காத தாத்தாவைக் கல்யாண மண்டபத்தில் ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு ஜூஸைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அதற்காகப் பிள்ளைகளைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. மட்டைக்குச் சொந்தக்காரன் அவுட்டானால் மட்டையோடு வீட்டுக்குப் போய்விடுகிறான். குண்டாக இருப்பவனுக்குப் பட்டப்பெயர் வைக்கிறார்கள். ஆனால், யாரோடு சேரலாம், யாரோடு சேரக்கூடாது என்ற விதி மட்டும் மேலே, நம் வீடுகளில் தயாராகிக் கீழே இறங்குகிறது. “வாட்ச்மேன் பையன் பந்து பொறுக்கிப் போட்டால் போதும்” என்று ஒரு தாய் தன் மகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மறுநாள் முதல் ஓவரைப் போட்டவன் அந்த வாட்ச்மேன் மகன்தான். அவனைவிட வேகமாகப் போட அங்கே வேறு ஆள் இல்லையே!

இப்போது எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் “இங்கே விளையாடக் கூடாது” என்று பலகை வைக்கும் தீர்மானம் வருகிறது. விளையாட்டு குழந்தைகளின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 31ஆவது பிரிவில் சொல்லியிருக்கிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றுக்கொண்டது. எங்கள் அறிவிப்புப் பலகைக்கு அது இன்னும் வந்துசேரவில்லை. நான் எதிர்த்தே வாக்களிப்பேன். பள்ளி திறக்கும்வரை, மாலை நேரங்களில் விருந்தினர் கார்களுக்கான இடத்தைக் காலியாக விடவேண்டும் என்றும் கேட்கப்போகிறேன். கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்று செயலாளர் கட்டாயம் கேட்பார். அதற்கும் பிள்ளைகள் ஏற்கெனவே விதி வைத்திருக்கிறார்கள். ஆடிக்கொண்டிருந்த எல்லோரும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். ஜோக்கருக்கு மட்டும் இரண்டு பங்கு.