தூரத்தை 900-ஆல் வகுத்தால் போதாது
'கிலோமீட்டரை 900-ஆல் வகுத்தால் விமானப் பயண நேரம் கிடைத்துவிடும்' என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பது (விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்ற கணக்கு) எல்லா இடத்துக்கும் சரிவராது. பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 7,800 கி.மீ. ரஷ்யாவின் சைபீரியா மேல் பறந்தவரை ஒன்பதரை, பத்து மணி நேரத்தில் போய்விடலாம். 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, சுற்றிப் போக வேண்டியிருப்பதால் அதே பயணத்துக்கு ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகிறது. நான் டோக்கியோவிலிருந்து திரும்பியபோது முன் இருக்கைத் திரையில் பார்த்தேன், விமானம் ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே உள்ள பெரிங் நீரிணையைத் தாண்டி வட துருவத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம், டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் மட்டும்தானா என்று ஒருவர் கேட்டிருந்தார்: அது மட்டும் இல்லை, நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் சேர்த்திதான்.